ஆற்றுக்குப் பூட்டு!

பஞ்சாலை வாசலில் ஒரு நாள் காலையில் பூட்டுத் தொங்கினால் என்ன நடக்கும்? தொழிலாளர்கள் திரளுவார்கள். சங்கம் கூடும். கொடி ஏறும். "யாரைக் கேட்டு மூடினாய்? எங்கள் வயிற்றுக்கு என்ன வழி?" என்று முழக்கம் எழும். லேபர் ஆபீசர் ஓடி வருவார், தாசில்தார் வருவார், போலீசும் வரும். கதவடைப்பு என்றால் நோட்டீஸ் வேண்டும், பேச்சுவார்த்தை வேண்டும், நஷ்ட ஈடு வேண்டும் என்ற உரிமைகளை எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. தொழிலாளி வர்க்கம் பட்டினி கிடந்தும், தடியடி பட்டும், சிறை சென்றும் பெற்றவை அவை.

ஆனால், தோழர்களே, நோட்டீசும் இல்லாமல், பேச்சும் இல்லாமல், காலணா நஷ்ட ஈடும் இல்லாமல், நம் கண் முன்னாலேயே ஒரு பெரிய தொழிற்சாலை சிறுகச் சிறுக மூடப்பட்டு வருகிறது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. அங்கே சங்கு ஊதுவதில்லை. அதன் பெயர் தாமிரபரணி. அந்தத் தொழிற்சாலையின் பட்டறைகளில் ஒன்றுதான் பத்தமடை.

பத்து மடைகள் பாய்ந்த ஊர், ஆகையால் பத்தமடை என்று பெயர் வந்தது என்று ஊரார் சொல்வார்கள். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. கன்னடியன் கால்வாயின் தண்ணீரில் அதன் வயல் விளைந்தது. ஆற்றங்கரைக் கோரையில் அதன் பாய் விளைந்தது. 1953ல் முடிசூடிய பிரிட்டிஷ் ராணி எலிசபெத்துக்குப் பத்தமடைப் பாய் பரிசாகப் போயிற்று என்பதை ஊர் இன்றும் பெருமையோடு சொல்லிக் கொள்கிறது. மணமகன், மணமகள் பெயரை நெய்த கல்யாணப் பாய் இந்த ஜில்லாவெங்கும் புகழ் பெற்றது. 2012–13ல் புவிசார் குறியீடு என்ற முத்திரையும் கிடைத்தது. பத்தமடைப் பாய் என்று வேறு எவரும் பெயர் போட்டு விற்க முடியாது என்று சட்டம் சொல்லிவிட்டது.

மிக நல்லது! பெயரைக் காப்பாற்றிவிட்டார்கள். கோரையைக் காப்பாற்றினார்களா?

பாய் எப்படிப் பிறக்கிறது?

ஈரம் குறையாத ஆற்றங்கரை வண்டலில் கோரை முளைக்கிறது. பச்சையாக அறுத்துக் கீறி வெயிலில் காய வைக்கிறார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊற வைக்கிறார்கள். ஊறிய கோரை உப்பிப் பருக்கும். மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் கத்தி. நூல் போன்ற மெல்லிய கீற்றுகளாக வகிர்ந்து, சாயம் ஏற்றி, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில், பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். நெய்கிறவர்களில் மிகப் பலர் இஸ்லாமிய ஏழைக் குடும்பத்துப் பெண்கள். பட்டுத் துணி போல மடியும் மெல்லிய பாய் ஒன்று முடிய வாரக்கணக்காகும். அத்தனை நாளும் முதுகு வளைந்தே இருக்கும்.

இந்த வேலையில் முதலாளி போட்ட யந்திரம் எது? ஒன்றுமில்லை. கரையின் ஈரம், ஓடுகிற தண்ணீர், வண்டல் மண் ஆகிய இவைதாம் யந்திரங்கள். எவனும் விலை கொடுத்து வாங்காத, எவனுக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான யந்திரங்கள். ஏழை வீட்டுப் பெண் கையில் காசில்லாமலே தொழில் தொடங்க முடிந்தது இவை பொதுவாக இருந்ததால்தான்.

இன்றைய நிலை என்ன? கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த கோரை அருகிப் போயிற்று. கரூர்ப் பக்கத்துக் காவிரிக் கரையில் பயிராகும் கோரையைக் காசு கொடுத்து வரவழைக்க வேண்டியதாயிற்று. கோரைக்கு விலை, லாரிக்கு வாடகை, இடையில் நிற்கிற வியாபாரிக்கு லாபம். இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் நெய்கிறவளுக்குக் கூலி. ஆற்றிலே போன ஈரம் கூலியிலே போன ரூபாயாகக் கணக்கில் ஏறுகிறது. இது இயற்கைப் பிரியர்களின் பொழுதுபோக்குப் பேச்சல்ல, கூலிப் பிரச்சினை!

பிளாஸ்டிக் பாய் சந்தைக்கு வந்ததும், விசைத்தறிப் பாய் மலிவாக விற்றதும், இந்தக் கூலிக்கு எங்கள் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று அடுத்த தலைமுறை சொன்னதும் காரணங்களில்லையா என்று கேட்கலாம். உண்டு. மறுக்கவில்லை. ஆனால் போட்டியிலே நிற்க வேண்டியவனின் கையிலிருந்து மூலப்பொருளையும் பிடுங்கிக்கொண்டு, "இவனுக்குப் போட்டி போடத் தெரியவில்லை" என்று பழி சொல்வது எந்த ஊர் நியாயம்?

மணல் என்றால் வெறும் மண்ணா?

ஆற்று மணலைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. சும்மா கிடக்கிற பொருள், அள்ளினால் மறுபடி வரும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். ஒரு யூனிட் மணல் என்பது நூறு கன அடி. மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள இடுக்குகள் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். முப்பது கன அடி என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். அந்த இடுக்குகளில் நிற்கிற தண்ணீர் ஏறக்குறைய 850 லிட்டர். ஆகவே ஒவ்வொரு யூனிட் மணலும் வெயில் குடிக்க முடியாத, மூடி போட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி. லாரியில் மணல் போகிறபோது தொட்டியே போகிறது.

படுகை ஆழமானால் ஆற்றின் நீர்மட்டம் இறங்குகிறது. அது இறங்கினால் கரையின் ஈரம் இறங்குகிறது. கரை காய்ந்தால் கோரை போகிறது. சீமைக் கருவேலம் வந்து உட்காருகிறது. கால்வாய்த் தலைமடை மேட்டில் நிற்க, தண்ணீர் பள்ளத்தில் ஓடுகிறது. கிணற்றுக்குக் கயிறு நீளுகிறது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் அதற்கப்பாலும் குடிதண்ணீர் கொடுப்பவை இந்த ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகள். மணல் போன இடத்தில் உறைகிணற்றின் உறைகள் அம்மணமாக நிற்கும். பத்தமடையில் பாய் நெய்கிறவளுக்கும், தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் வேகிறவனுக்கும் ஒரே படுகையிலிருந்துதான் தாகம் தணிகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

முன் வாசலும் பின் வாசலும்

மணலை அள்ளியது யார்? தனியார் அள்ளினால் கொள்ளை போகிறது என்று சொல்லி, 2003ல் தமிழ்நாட்டில் சிறு கனிம விதிகளைத் திருத்தினார்கள். இனி ஆற்று மணலைச் சர்க்காரே எடுக்கும், பொதுப்பணி இலாகா விற்கும் என்றார்கள். கேட்கக் காதுக்கு இனிமைதான். காண்டிராக்டர் முன் வாசல் வழியாக வெளியே போனார். மணலை ஏற்றிக் கொடுக்கும் காண்டிராக்டர் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு பின் வாசல் வழியாக உள்ளே வந்தார்! போர்டு சர்க்காருடையது, லாபம் அவருடையது, பள்ளம் நம்முடையது. இந்த ஏற்பாடு ஒரு கட்சியின் ஆட்சியோடு முடிந்துவிடவும் இல்லை. ஆட்சிகள் மாறின, அள்ளுவது மாறவில்லை.

எதிர்த்து நின்றவர்கள் உண்டு. 1924ல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் ஆர். நல்லகண்ணு, தாமிரபரணி மணலுக்காக ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார். எண்பத்தைந்து வயது மனிதர் தாமே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் ஐந்தாண்டுகளுக்குத் தாமிரபரணியில் மணல் எடுக்கக் கூடாது என்று கோர்ட்டு தடை விதித்தது. அது ஒரு மனிதரின் வெற்றி மட்டுமல்ல. ஆற்றைப் பொதுச் சொத்தாக நினைக்கும் எல்லோருடைய வெற்றி.

ஆனால் தடை என்பது தாள். தாளுக்குக் காவல் மக்கள். 2015ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்படி ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர் வாரியபோது, தூர் என்ற பெயரால் மணல் போகிறதென்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். கல்லிடைக்குறிச்சிக்கு அருகே பொட்டல் கிராமத்தில், எம்-சாண்ட் செய்வதாக அனுமதி வாங்கிய இடத்திலிருந்து மணல் கடத்தப்பட்டதாக வழக்குப் பதிவாயிற்று. 9 கோடியே 57 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் கைதுகளும் நடந்தன. பத்தமடைக்கு மேலே, நம் கால்வாய் பிரிகிற பக்கத்தில் நடந்த கதை இது.

அதற்கு அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 25. தூத்துக்குடி ஜில்லா முறப்பநாடு. மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அதிகாரி லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில், தமது ஆபீசுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கொலையாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது, சரி. ஆனால் ஒரு கிராமத்து அதிகாரி தன்னந்தனியாக ஆற்றுக்குக் காவல் நிற்க வேண்டிய நிலை ஏன் வந்தது? அவருக்குப் பக்கத்தில் நூறு பேர் நின்றிருந்தால் அரிவாள் ஆபீசுக்குள் நுழைந்திருக்குமா? கட்சிக் கிளைகள், விவசாய சங்கங்கள், வாலிபர் அமைப்புகள் எல்லாமே தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

மணல் தொழிலாளிக்கு என்ன பதில்?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "மணல் அள்ளுகிறவனும் தொழிலாளிதானே? லோடு ஏற்றுகிறவன், லாரி ஓட்டுகிறவன், மாட்டு வண்டிக்காரன், கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் மணல்தானே சோறு? ஆற்றைக் காப்பாற்றி இவர்கள் அடுப்பை அணைப்பீர்களா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாதவனுக்குத் தொழிலாளி முன்னால் பேச யோக்கியதை இல்லை. முதலாவது, கூலிக்கு அள்ளுகிறவனும் கோடிக்கு விற்கிறவனும் ஒன்றல்ல. யந்திரம் படுகையில் இறங்கியபோதே கூடைக்காரனின் வேலை போய்விட்டது. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு யந்திரக்காரன் அள்ளினான். இரண்டாவது, மணல் தீர்ந்த பிறகு அந்தத் தொழிலாளிக்கும் வேலை தீர்ந்துவிடும். முதலாளி அடுத்த ஆற்றுக்குப் போவான்; தொழிலாளி காய்ந்த ஆற்றங்கரையில் கிடப்பான்.

"அப்படியானால் எம்-சாண்ட் இருக்கிறதே" என்று எளிதாகக் கைகழுவுகிறவர்களும் உண்டு. எம்-சாண்ட் வானத்திலிருந்து கொட்டுவதில்லை. பாறையை உடைத்துப் பொடித்ததுதான் அது. 2022 மே மாதம் திருநெல்வேலிக்கு அருகே அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்தது. ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள். நான்கு பேர் மாண்டார்கள். ஆற்றை விட்டு மலைக்குப் போனாலும், கட்டுப்பாடில்லாத லாபம் தொழிலாளியின் உயிரைத்தான் கேட்கிறது. ஆகவே, எவ்வளவு எடுப்பது, எங்கே எடுப்பது, யார் மேற்பார்வையில் எடுப்பது, எடுக்கிறவனுக்குப் பாதுகாப்பு என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் ஊரறியப் பதில் வேண்டும். பதிலில்லாத இடத்தில் ஒரு கூடை கூட எடுக்கக் கூடாது.

"உபரி" யாருக்கு?

மணலோடு முடியவில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் இருந்த குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து வழக்கு வந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை. 2017 மார்ச்சில் தடை நீங்கிற்று. உபரித் தண்ணீர்தான் கொடுக்கிறோம் என்பது சர்க்கார் தரப்பின் வாதம். அந்த மாதமே தமிழ்நாட்டு வணிகர்கள் அந்தப் பானங்களைக் கடையில் வைப்பதில்லை என்ற புறக்கணிப்பைத் தொடங்கினார்கள்.

உபரி என்றால் என்ன? கடலுக்குப் போகிறதெல்லாம் வீண் என்று ஒரு பாடம் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புன்னக்காயலில் ஆறு கடலைத் தொடுகிறது. அங்கே போகிற தண்ணீர்தான் கடல் உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கிறது. அது கொண்டு போகிற வண்டலில்தான் முகத்துவாரத்து மீனும் இறாலும் வளருகின்றன. மீனவனுக்கு அது உபரியல்ல, உயிர். கரையில் நிற்கிற கோரைக்கும் அது உபரியல்ல. கம்பெனிக் கணக்கில் யாருடைய பெயர் எழுதப்படவில்லையோ அவர்களுடைய பங்குக்குத்தான் "உபரி" என்று பெயர்!

எடுப்பது ஒரு பக்கம். கொட்டுவது இன்னொரு பக்கம். நெல்லை நகரத்தின் சாக்கடை ஆற்றில் கலப்பது பற்றிய வழக்கில், 2024 நவம்பரில் ஹைகோர்ட்டு நீதிபதிகள் இருவர் தாமே நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த மாதமே கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் கோடகநல்லூர், பழவூர் முதலிய நம் பக்கத்துக் கிராமங்களில் கொட்டிக் கிடக்கக் கண்டார்கள். ஊர் கொதித்தது, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஊர் கொதித்தால் லாரி திரும்பும் என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குப்பைக்குக் கொதித்த ஊர், உள்ளூர்ச் சாக்கடைக்கு ஏன் கொதிக்கவில்லை? பாபநாசத்தில் புண்ணியம் தேடி ஆற்றில் விட்டுப் போகும் துணிகளும், கரையோரச் சந்தைகளிலிருந்து பறக்கிற பாலித்தீன் பைகளும் எந்தக் கம்பெனியும் அனுப்பியவை அல்ல. இதையும் மேடையில் துணிந்து சொல்ல வேண்டும். கைதட்டல் குறையும், குறையட்டும்.

இன்னொரு நாட்டுப் பாடம்

லாப வேட்டை மட்டும்தான் நீரை அழிக்கும், சர்க்கார் திட்டம் போட்டால் அழியாது என்று நம்புகிற தோழர்களுக்கு ஆரல் கடலின் கதையைச் சொல்ல வேண்டும். மத்திய ஆசியாவில், 1960ல் உலகத்தின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது அது. பருத்திக்காக அதற்கு வந்த இரண்டு ஆறுகளையும் சோவியத் சர்க்கார் வாய்க்கால்களில் திருப்பிற்று. பருத்தி விளைந்தது உண்மை. ஏரி வற்றியதும் உண்மை. முய்னாக் என்ற மீன்பிடித் துறைமுகத்தை விட்டுத் தண்ணீர் வெகு தூரம் விலகிப் போயிற்று. படகுகள் மணலில் நின்றன. மீன் டின் அடைக்கும் தொழிற்சாலையை மூடக்கூடாது என்பதற்காக, தூர தேசத்துக் கடல்களில் பிடித்த மீனை ரயிலேற்றிக் கொண்டு வந்து வேலை கொடுத்தார்கள். எத்தனை நாள் நடக்கும்? கடைசியில் அதுவும் நின்றது.

ஏரிக்கரை ஊருக்கு ரயிலில் மீன்! ஆற்றங்கரை ஊருக்கு லாரியில் கோரை! பாடம் புரிகிறதல்லவா? திட்டம் போடுகிறவன் எந்த நிறக் கொடியைப் பிடித்தாலும், ஆற்றை நம்பி வேலை செய்கிறவனைக் கேட்காமல் போட்ட திட்டம் அவனுடைய வேலையைத்தான் முதலில் பறிக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

கண்ணீர் வடித்துப் பயனில்லை. கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கூலி, போனஸ், பட்டா என்று எழுதுகிற இடத்தில் ஆறு என்றும் எழுதுங்கள். கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று: கோரை வளரக்கூடிய ஆற்றங்கரைப் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பையும் சீமைக் கருவேலத்தையும் அகற்ற வேண்டும். அங்கே கோரை வளர்த்து அறுக்கும் உரிமையைப் பாய் நெய்யும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும், ஏலம் விடக்கூடாது.

இரண்டு: தூர் வாருவதானாலும் சரி, எந்தப் பெயரானாலும் சரி, எத்தனை யூனிட், எந்த இடத்திலிருந்து, எந்த லாரியில் என்ற கணக்கைத் தினந்தோறும் பஞ்சாயத்து வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்று: கருவேலம் வெட்டுவது, ஆகாயத்தாமரை எடுப்பது, கரை கட்டுவது, கோரை நடுவது ஆகிய வேலைகளை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்த்து, மணலை நம்பியிருந்த தொழிலாளிக்கு முதலில் கொடுக்க வேண்டும். ஆற்றை வெட்டியவன் கையாலேயே ஆறு எழுந்திருக்கட்டும்.

நான்கு: சுத்தம் செய்யாத சாக்கடை ஒரு சொட்டும் ஆற்றில் விழக்கூடாது. அதற்கு நகராட்சி நிர்வாகம் நாள் குறித்துச் சொல்ல வேண்டும். அந்த நாள் தவறினால் நாம் அங்கே போய் நிற்க வேண்டும்.

இவற்றில் எதுவும் சந்திரனைக் கேட்பதல்ல. ஆனால் கேட்காமல் வராது. முன்னோர் கட்டிய அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் பெயர் தெரியாத உழைப்பாளிகள் மண் சுமந்து எழுப்பினார்கள். அந்தக் கன்னடியன் கால்வாயில் இன்னும் தண்ணீர் வருகிறது. இழந்ததை மீட்க இன்னும் காலம் இருக்கிறது.

பஞ்சாலை வாசலில் பூட்டுத் தொங்கினால் அதை எப்படித் திறக்க வைப்பது என்று தொழிலாளிக்குத் தெரியும். ஆற்றின் மீது தொங்குகிற பூட்டு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பத்தமடையில் தறியின் முன் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அது தெரிகிறது. கோரைக் கட்டுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. அவள் தனியாக நிற்கலாமா, தோழர்களே?